ஆறு வயதுக்குக் கீழே: சட்டம் விட்டுவிட்ட பிள்ளைகள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இல்லையென்றால் நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுவோம். இந்த முறை பால்வாடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "பால்வாடியில பேச என்னங்க இருக்கு?" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணலுக்கும் ரமாபாய் அம்மைக்கும் ஐந்து பிள்ளைகள். பிழைத்தவர் யஷ்வந்த் ஒருவர்தான். மற்ற நால்வரும், மூன்று ஆண் ஒரு பெண், சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசி மகன் ராஜரத்தினம் இறந்தது 1926 ஜூலையில். அப்போது அண்ணல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து பாரிஸ்டராகித் திரும்பியிருந்தவர். அவ்வளவு படித்தவர் வீட்டிலேயே நான்கு சாவு என்றால், பம்பாய் ஆலைத் தொழிலாளி வீட்டில், மகர்வாடாவில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டே ஆண்டில், 1928 ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலப் பயன் மசோதா வந்தது. அண்ணல் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும், அந்தப் பெண்ணின் உழைப்பால் பயனடைகிற முதலாளியும் தன் பங்கைத் தர வேண்டும் என்பது அவர் வாதம். சொந்தத் துக்கத்தை அவர் அங்கே ஒரு வார்த்தையாலும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை 1926ஐ மறந்துவிட்டு என்னால் படிக்க முடிவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச்சில், அதே மன்றத்தில் அவர் வேறொரு கணக்கை வைத்தார். தொடக்கப் பள்ளியில் நூறு பிள்ளைகள் சேர்ந்தால் பதினெட்டுப் பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேர் மறுபடி எழுத்தறியாமைக்கே போகிறார்கள் என்றார். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் போதாது, அது அங்கே நிலைக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஏன் நிலைக்கவில்லை என்று தேடிப் போனால், பதிலில் ஒரு பங்கு பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளில் கிடக்கிறது.

நம் தன்வரலாறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தியிலும் தமிழிலும் வந்தவற்றில் பெரும்பாலும் அவமானம் பள்ளிக்கூட வாசலில் தொடங்குகிறது. தனியாக உட்கார வைத்த இடம், தூக்கி ஊற்றிய தண்ணீர், வாத்தியாரின் வசவு. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எழுதக்கூடிய நினைவு அந்த வயதுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நினைவு இல்லாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அம்மா நடவுக்கோ களைக்கோ போயிருப்பாள். வரப்போரத்துக் கருவேல மரத்தில் தூளி கட்டியிருக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் பாட்டியிடமோ, ஏழெட்டு வயது அக்காவிடமோ இருக்கும்.

அந்த அக்காவைப் பற்றி ஒரு நிமிடம் நின்று பேச வேண்டும். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிற பெண்பிள்ளையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் அந்த இடுப்பிலேயே வளர்ந்தவர்கள். அவள் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் கேட்டால் 'வறுமை' என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் அந்தத் தெருவில் ஒரு குழந்தைகள் மையம் இல்லாதது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இல்லையென்றால் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் கல்வி போகிறது: இடுப்பில் இருப்பவனுடையது, சுமப்பவளுடையது.

முதலாளிக்குத் தேவைப்பட்ட இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது. இலங்கை மலையகத் தோட்டங்களில் அதற்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயரே உண்டு. இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கின. தாயின் இரண்டு கையும் கொழுந்துக்கு வேண்டும், அதனால். நம் பெண்கள் அதிகம் உழைக்கிற வயலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு பெண் அமர்த்தப்பட்டிருந்த வேலையிடத்தைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

இனி அங்கன்வாடிக்கு வருகிறேன். அந்தச் சொல்லின் பிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் கதை.

தாராபாய் மோடக் என்ற மராத்தியக் கல்வியாளர் 1945இல் பம்பாய் மாகாணத்துக் கடற்கரை ஊரான போர்டியில் கிராமத்துச் சிறுபிள்ளைகளுக்கு ஒரு மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், தீண்டப்படாதார் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று அந்த இரண்டு பெண்களும் முடிவு செய்தார்கள். சேரிக்குள் போய், வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, கையில் கிடைத்த கூழாங்கல்லும் இலையும் விதையும் வைத்து நடத்தினார்கள். முற்றத்தில் நடந்த பால்வாடி என்பதால் அங்கன்வாடி. (அங்கணம் என்ற சொல் நம்மிடமும் இருக்கிறது. நம் பக்கம் அது பாத்திரம் கழுவுகிற இடமாகச் சுருங்கிப்போய்விட்டது.) பிறகு அவர்கள் கோஸ்பாட் மலைக்குப் போய் வார்லி ஆதிவாசிப் பிள்ளைகளிடையே வேலை செய்தார்கள், மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள்.

ஆக, சேரியின் முற்றத்தில் பிறந்தது அந்தப் பெயர். 1975 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் மையங்கள். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல். பெயரை எடுத்துக்கொண்ட அரசு, இடத்தை எடுத்துக்கொண்டதா?

நான் போய்வந்த ஊர்களில் பலவற்றில் மையம் இருப்பது ஊருக்குள். ஓர் ஊரில் கோயில் மண்டபத்தை ஒட்டிய கட்டடம். அங்கிருந்து காலனி முக்கால் கிலோமீட்டர். நடுவில் தார்ச்சாலை, லாரி போகிற சாலை. மூன்று வயதுப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? வேலைக்குப் போகிற அம்மாவுக்குப் பொழுது விடிந்தால் நேரம் இல்லை. பாட்டிக்கு அந்தத் தெருவில் செருப்போடு நடக்கப் பயம் இன்னும் போகவில்லை. பதிவேட்டில் அந்தக் காலனிப் பிள்ளைகளின் பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. எடையும் எழுதியிருந்தது. நான் போன அன்று மையத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் நல்லவர்தான். மாதம் ஒரு முறை சத்துமாவைக் காலனிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மாவு வருகிறது. கதை, பாட்டு, வண்ணம், பிற பிள்ளைகளோடு விளையாட்டு எதுவும் வருவதில்லை.

இதை என் கண்ணில் பட்டதாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது. உணவுத் திட்டங்களில் சாதி எங்கே நுழைகிறது என்று பார்த்தார்கள். முதலில் நுழைவது கட்டடம் இருக்கும் இடத்தில். பிறகு சமைப்பவர் யார் என்பதில். பிறகு பந்தியில். தலித் பெண் சமையலுக்கு வந்தால் எதிர்ப்பு என்பதை அவர்கள் மாநிலம் மாநிலமாகப் பதிவு செய்தார்கள். இதைச் சொல்லும்போது 'அது அந்தக் காலம்' என்பவர்களுக்கு இரண்டு தேதிகள் மட்டும் தருகிறேன். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை மறித்தார்கள், அதிகாரிகள் முதலில் செய்த வேலை அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. போராட்டத்துக்குப் பிறகே மாற்றம் ரத்தானது. 2019 ஜூனில் மதுரை மாவட்டம் வலையப்பட்டியில் அங்கன்வாடிக்கு நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்கள், ஊரார் எதிர்த்ததும், வேறு கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் நிர்வாகத்தின் கை தானாகப் போனது இடமாற்ற உத்தரவுக்கு.

அங்கன்வாடியில் இது நடக்கும்போது பள்ளியில் நடப்பதைவிடக் கூடுதல் கேடு ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. 'அந்த ஆயா கையால வாங்காதே' என்று வீட்டில் சொல்லி அனுப்பும்போது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். அரசு நடத்தும் முதல் பாடம் அதுவாகிவிடுகிறது.

உயரத்தில்கூட இது தெரிகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. நாம் மேல் என்று கைதட்டிக்கொள்ளலாம், ஆனால் அதே ஆய்வில் தமிழ்நாட்டுச் சிறுபிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இந்த உயரக் குறைவைச் சாதியோடு சேர்த்துப் படித்தார்கள். தீண்டாமை கூடுதலாகக் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் தலித் பிள்ளைகள் குட்டையாக இருக்கிறார்கள், அதே பகுதியின் உயர்சாதிப் பிள்ளைகளின் உயரத்தில் அந்தப் பாதிப்பு இல்லை என்று கண்டார்கள். தீண்டாமை மனத்தைக் காயப்படுத்தும் என்று நாம் எழுதியிருக்கிறோம். எலும்பின் நீளத்தையும் அது குறைக்கிறது. இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பிறகு மீட்பது மிகக் கடினம்.

இப்போது சட்டம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1948 நவம்பர் 23 அன்று அரசமைப்பு அவையில் கல்வி குறித்த பிரிவு விவாதத்துக்கு வந்தது. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர், 'கல்வி' என்பதைத் 'தொடக்கக் கல்வி' என்று சுருக்கச் சொன்னார். அண்ணல் மறுத்தார். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் சொல்கிறோம், அப்படியானால் அந்த வயது வரை அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு கல்வி நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்றார். அப்படி உருவானதுதான் பழைய 45ஆம் பிரிவு: பத்தாண்டுக்குள், பதினான்கு வயது முடியும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும். அதில் மேல் எல்லை இருந்தது, கீழ் எல்லை இல்லை. பிறந்த பிள்ளையும் அதற்குள் வரும். 1960இல் அந்தப் பத்தாண்டு முடிந்தது. அரசு எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிட்டது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமை என்றது. அதிலும் கீழ் எல்லை இல்லை.

பிறகு வந்ததுதான் 86ஆவது திருத்தம். உரிமையை எழுத்தில் தருகிறோம் என்று சொல்லி 21அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள்: ஆறு முதல் பதினான்கு வரை. ஆறு வயதுக்குக் கீழே இருந்தவர்களை எடுத்து, 45ஆம் பிரிவைத் திருத்தி, அங்கே 'அரசு முயல வேண்டும்' என்ற பழைய வரியில் வைத்துவிட்டார்கள். கொடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எடுத்ததைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. மக்களவை இந்த மசோதாவை நிறைவேற்றிய நாள் 2001 நவம்பர் 28. அதே நாள், அதே டில்லியில், உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்த நாளில் நாடாளுமன்றம் இன்னொன்றைச் சாத்தியது. திட்டமிட்டு அமைந்ததல்ல, தற்செயல்தான். ஆனாலும் நம் பிள்ளைகளின் வரலாற்றில் அந்தத் தேதியை இரண்டு பக்கமும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே படிப்பைக் கணக்கிடுகிறது, 2030க்குள் எல்லோருக்கும் என்று இலக்கும் வைக்கிறது. அதுவும் இலக்குதான், உரிமை இல்லை. இதற்கு நடுவில் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வயதுச் சேரிப் பிள்ளைக்குச் சோறு சட்டப்படி உரிமை. அதே பிள்ளைக்குப் பாட்டும் கதையும் எழுத்தும் சலுகை. இப்படி ஒரு பிளவு தற்செயலாக வந்திருந்தாலும், அது யாரை எதற்குரியவர்கள் என்று நினைக்கிறது என்பது வெளிப்படை. அதே 2013 சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் முதல் பிள்ளைக்கு மட்டும் 5,000 என்றது. அமைப்புசார்ந்த துறையில் 26 வாரச் சம்பள விடுப்பு வந்ததும் அதே ஆண்டுதான்.

தமிழ்நாட்டின் சோற்று வரலாறு பெருமைக்குரியது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1920இல் நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராசர் காலம், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவு. படித்தவர்கள் பலர் அன்று அதை ஓட்டுக்காகச் செய்த வீண் செலவு என்றார்கள். அந்தத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. முட்டையும் வந்தது. முட்டை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடியில் முட்டை கிடையாது என்று அறிவித்தார். யாருடைய தட்டில் எது இருக்கலாம் என்பதைச் சாப்பிடாதவர்கள் தீர்மானித்தார்கள். இங்கே முட்டை நிலைத்தது ஓர் அரசியலின் வெற்றி.

ஆனால் சோற்றோடு நின்றுவிட்டோம். பால்வாடி என்றால் சோறும் தூக்கமும் என்ற நினைப்பு நம் மக்களிடமே பதிந்துவிட்டது. ஒருங்கிணைந்த திட்டத்தின் ஆறு பணிகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று, 1975இலிருந்தே. அதைச் செய்ய வேண்டியவர் ஒரு பெண். அவரே கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்க வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் சேர்க்க வேண்டும், எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போக வேண்டும். இப்போது அதையெல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் வேண்டும். தினம் இரண்டு மணி நேரமாவது கல்வி என்று 2023இல் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நாளில் எந்த இடத்தில் செருகுவது என்று அந்தப் பெண்களைக் கேட்டவர் யார்?

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் கணக்கில் அது சம்பளமே இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 என்று நிர்ணயித்தார்கள். மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன, தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று உண்டு. 2006இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்லர் என்றது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்றது. போராடித்தான் அந்த அளவுக்காவது வந்தது. பிள்ளையின் முதல் ஆசிரியரைத் தொண்டர் என்று அழைத்தால் கூலி குறைக்கலாம். பீ துடைப்பது, சோறு ஊட்டுவது, தாலாட்டுவது எல்லாம் பெண்ணின் இயல்பு, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அழுக்கைத் தொடுகிற வேலைக்கு மதிப்பில்லை என்று சொல்லும் சமூகத்தை நமக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒன்றைச் செய்து பார்த்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. நம் மக்கள் வரவேற்றார்கள். அந்த இரண்டு சொல்லுக்காகத்தானே மெட்ரிக் பள்ளி வேனுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயின்றவர்களை நியமிக்காமல், உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள், வகுப்புகளை மூடப்போவதாகப் பேச்சு வந்தது, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள். அந்த வகுப்புகளுக்கு மாண்டிசோரி முறை என்றும் பெயர் சொன்னார்கள். மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் இல்லத்தைத் திறந்தது ரோமில் சான் லொரென்சோ என்ற உழைக்கும் மக்கள் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றுச் சுற்றிய பிள்ளைகளுக்காக. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இன்று அவர் பெயர் இருக்கிற பலகைக்குக் கீழே ஆண்டுக் கட்டணத்தைப் படித்தால் நமக்கு மூச்சு நின்றுவிடும். சேரி முற்றத்தில் பிறந்த அங்கன்வாடி ஊருக்குள் போனது, தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த மாண்டிசோரி பணக்காரர் வீதிக்குப் போனது.

நம்மில் அரசு வேலைக்கு வந்தவர்கள் யாரும் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவதில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தன் பிள்ளை பட வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் வெளியேறிய இடத்தில் கேள்வியும் இருக்காது.

மாணவர்களுக்காக வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன், யார் நடத்துவது என்ற கேள்வி அதில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் 1965இல் ஏழைப் பிள்ளைகளுக்கு 'ஹெட் ஸ்டார்ட்' என்ற முன்பருவத் திட்டம் வந்தது. இனவெறிக்குப் பேர்போன மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பர்களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் இருந்தவர்கள் அந்தப் பணத்தை மாநில அரசு வழியாக அல்லாமல் நேரடியாகப் பெற்று, தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் மையங்களைத் திறந்தார்கள். மிசிசிப்பிக் குழந்தை வளர்ச்சிக் குழு என்பது அதன் பெயர். ஆசிரியர்களாகப் பெரிதும் அமர்த்தப்பட்டவர்கள் பருத்திக் காட்டிலும் வெள்ளையர் வீட்டுச் சமையலறையிலும் வேலை பார்த்த கறுப்பினத் தாய்மார்கள். அந்தச் சம்பளம் பண்ணையாரின் கையில் இல்லை. வாக்காளராகப் பதிவு செய்யப் போனால் வேலை போகும் என்ற மிரட்டல் அவர்களிடம் பலிக்கவில்லை. ஸ்டென்னிஸ் என்ற செனட்டர் உடனே கணக்குவழக்கில் குறை இருக்கிறது என்று கிளம்பினார், 1966இல் பணம் நிறுத்தப்பட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு வண்ணப் பென்சில் கொடுப்பதில் ஒரு செனட்டருக்கு என்ன கோபம்? கோபம் பென்சிலில் இல்லை, அதைக் கொடுத்த கையில். வலையப்பட்டியில் நடந்ததையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று பக்கமும் போக வேண்டும். பிறந்தது முதல் ஆறு வயது வரையான காலம் 21அ பிரிவுக்குள் வர வேண்டும், அது நாடாளுமன்றத்தில் பேச வேண்டியது, நீண்ட வேலை. மையத்தில் நம் பெண்கள் வேலை செய்ய வேண்டும், முழு ஊதியத்தோடு. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்றது மதிய உணவுக்கு, அதை அங்கன்வாடிக்கும் கேட்க வேண்டும். மூன்றாவது, மையம் நம் தெருவில் இருக்க வேண்டும். இதற்கு நாளைக்கே வேலை தொடங்கலாம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய மையங்களை அமைக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முதலிடம் தரச் சொன்னது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவு: ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும். அந்த வழக்கு 2017இல் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் நாற்பது பிள்ளைகள் என்ற இந்த விதியை மத்திய அரசு தன் விரிவாக்கத் திட்டத்திலேயே சேர்த்து, நாட்டுக்கு 20,000 மையங்கள் அதற்கென்றே ஒதுக்கியது. நாற்பது பேர் தேறாத சின்னக் காலனியாக இருந்தால், 150 முதல் 400 பேர் வரை உள்ள குடியிருப்புக்குக் குறு அங்கன்வாடி என்ற விதி இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் காலனியில் இரண்டு பேராக வீடு வீடாகப் போங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், இப்போது பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். செங்கல் சூளைக்குப் போயிருக்கும் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள், அவர்கள் திரும்பும் மாதத்தைப் பக்கத்தில் குறியுங்கள். இப்போதைய மையத்துக்கும் காலனிக்கும் உள்ள தூரத்தையும் நடுவில் கடக்க வேண்டிய சாலையையும் ஒரு வரைபடமாகப் போடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கிராம சபையில் அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தலைவர் மறுத்தால், மறுத்ததை எழுதிக் கேளுங்கள். பிறகு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு. மனுவில் கையெழுத்துப் போடுவது தாய்மார்களாக இருக்கட்டும், இளைஞர் மன்றத்தின் பெயர் பின்னால் வரட்டும். கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள், தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

மாதிரிப் பட்டியலும் மனுவும் வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.